வேட்டைத் தேர்வில் தேறியும் காட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு

ஒன்ராறியோவில் நவம்பர் மாத மான் வேட்டைக் காலம் தொடங்கும்போது, தேர்வில் தேறிய சான்றிதழோடு வீட்டிலேயே இருந்துவிடும் நம்மவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். படித்தார்கள், பணம் கட்டினார்கள், தேறினார்கள். எந்தத் தாள் எந்த அலுவலகத்துக்கு, எப்போது போக வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால் ஒரு பருவம் முழுவதும் வீணாகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி மத்திய அரசினுடையது. வேட்டையாடும் அனுமதி மாகாண அரசினுடையது. இரண்டுக்கும் தனித்தனிப் பாடநெறி, தனித்தனித் தேர்வு. முதலாவது கனடாத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடநெறி; அதில் தேறிய பிறகுதான் பி.ஏ.எல். என்ற துப்பாக்கி உரிமத்துக்கு மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது ஒன்ராறியோ வேட்டைக் கல்விப் பாடநெறி. ஒரே வார இறுதியில் இரண்டையும் சேர்த்து நடத்தும் பயிற்றுநர்கள் இருப்பதால், இரண்டும் ஒன்றே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பம் காசையும் தின்னும். பணம் கட்டுவதற்கு முன் பயிற்றுநரிடம், "இந்தக் கட்டணத்தில் எந்தெந்தத் தேர்வு அடங்கும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டுப்படுத்தப்பட்ட துப்பாக்கிகளுக்கான (பெரும்பாலும் கைத்துப்பாக்கிகள்) கூடுதல் பாடநெறியையும் சேர்த்து விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டைக்கு அது தேவையில்லை. ஒன்ராறியோவில் கைத்துப்பாக்கியால் வேட்டையாட முடியாது. 2022 அக்டோபர் 21 முதல் தனிநபர்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவதும் நாடு முழுவதும் முடக்கப்பட்டுள்ளது. புதிதாக வந்த ஒரு தம்பியிடம் அந்தப் பாடநெறிக்கும் பணம் வாங்கி, "பிறகு உதவும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எதற்கு உதவும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தேர்வைப் பற்றிப் பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். துப்பாக்கிப் பாடநெறியில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தனித்தனியே 80 விழுக்காடு வாங்க வேண்டும். நம்மவர்கள் எழுத்துத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துவிட்டுச் செய்முறையில் தடுமாறுகிறார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்த நொடியிலிருந்து குழாய் முனை எங்கே பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பரிசோதகர் பார்க்கிறார். கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பும்போது முனையும் ஆளை நோக்கித் திரும்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. தோட்டா இருக்கிறது என்றே எண்ணு, முனையைக் கட்டுப்படுத்து, விசையிலிருந்து விரலை விலக்கு, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய் என்ற நான்கையும் ஆங்கில வரிசையிலேயே மனப்பாடம் செய்யுங்கள். தோட்டாவை எடுத்த பிறகு துப்பாக்கியின் தோட்டா அறையைப் பார்ப்பது, தோட்டா வரும் வழியைப் பார்ப்பது, குழாயின் உட்புறத்தைப் பார்ப்பது என்ற படிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். விளக்குமாற்றுக் கம்பை வைத்தாவது வீட்டில் பழகுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போது காரணத்தையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் விடை தெரியும். கேஜ் என்பது குழாயின் அளவு; எண் கூடினால் குழாய் சிறியது. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிக் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும். இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பையில் போடக்கூடாது என்பது இதனால்தான். வேலியைக் கடப்பதற்கு முன் தோட்டாவை எடுத்துவிடுவதும், சிறிய .22 தோட்டாகூட ஒரு கிலோமீற்றரைத் தாண்டிப் போகும் என்பதால் இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் இப்படித்தான். மாகாணத் தேர்வில் விலங்குகளை அடையாளம் காண்பதோடு சட்டமும் வரும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரை என்ற நேர எல்லையும், மான், மூஸ் (பெரிய மான் இனம்) துப்பாக்கிப் பருவங்களில் இடுப்புக்கு மேல் 2,580 சதுர சென்ரிமீற்றர் செம்மஞ்சள் உடையும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம் என்பதும் மறக்கக்கூடாதவை.

தேறிய பிறகுதான் உண்மையான அலைச்சல்.

துப்பாக்கிப் பாடநெறியின் பெறுபேற்று அறிக்கை பெரும்பாலும் அன்றே கையில் கிடைக்காது. அது வந்த பிறகுதான் விண்ணப்பம். முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் காத்திருப்பு சட்டப்படி உண்டு. 28 நாளில் உரிமம் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அதற்கு முன் வராது என்பதே பொருள். செப்டெம்பரில் தேறியவர் நவம்பர் மானை மறந்துவிடுவது நல்லது. ஜனவரி, பெப்ரவரியிலேயே பாடநெறியை முடியுங்கள். மூஸ் வேட்டைக்கு இது இன்னும் முக்கியம். அதற்கான அனுமதிச் சீட்டுகளைப் புள்ளி அடிப்படையில் ஒதுக்கும் முதல் சுற்றுக்கான விண்ணப்பம் ஏப்ரலில் முடிந்துவிடும். கோடையில் கண்விழித்தவருக்கு அந்த வாய்ப்புப் போய்விடும்.

துப்பாக்கி உரிம விண்ணப்பத்தில் மூன்று இடங்களில் ஆட்கள் விழுகிறார்கள். உங்களை மூன்று ஆண்டுகளாவது அறிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். மனைவியோ கணவரோ அதில் சேர மாட்டார்கள். பெயரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கச் சொல்லி வையுங்கள். எடுக்காத ஓர் அழைப்பால் கோப்பு மேசையில் தூங்கும். தூங்குகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

அடுத்தது வாழ்க்கைத் துணை. இப்போதைய துணையை மட்டுமல்ல, கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்தவரையும் எழுத வேண்டும். பிரிந்தவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்க முடியாதே என்று அந்தப் பகுதியை வெறுமையாக விடுகிறார்கள், அல்லது அப்படி யாரும் இல்லை என்று எழுதுகிறார்கள். கையெழுத்து இல்லாததால் மட்டும் விண்ணப்பம் விழாது. அதிகாரிகளே அவருக்கு அறிவிப்பார்கள், அதற்குச் சற்று நாளாகும், அவ்வளவுதான். பொய் எழுதுவதோ குற்றம். துப்பாக்கிச் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், பிரிவு, வேலை இழப்பு பற்றியெல்லாம் படிவம் கேட்கிறது. போரைப் பார்த்து வந்தவர்கள், மருத்துவரிடம் போய்ச் சிகிச்சை பெற்றவர்கள், "ஆம்" என்று எழுதினால் கதை முடிந்தது என்று அஞ்சுகிறார்கள். முடியாது. கூடுதல் கேள்விகள் வரும், ஒருவேளை மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். சிகிச்சை பெற்றதை மறைக்காதீர்கள். அது உங்களுக்கு எதிரான குற்றச்சாட்டு அல்ல. கனடாவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களிடம் முன்பிருந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றிதழைக் கேட்கலாம். கொழும்பிலிருந்து அதை வரவழைக்க நாளாகும் என்பதால் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பெயரையும் கவனியுங்கள். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் ஒரு வரிசை, மருத்துவ அட்டையில் இன்னொரு வரிசை. அப்பாவின் பெயர் முன்னால் வந்தது பின்னால் போயிருக்கும். பாடநெறிப் பதிவில், பெறுபேற்றில், விண்ணப்பத்தில், அட்டையில் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயராக இருக்க வேண்டும். வகுப்பில் பெயர் எழுதும்போதே அடையாள அட்டையை மேசையில் வைத்து அதைப் பார்த்து எழுதுங்கள்.

மாகாணப் பக்கத்தில் சிக்கல் அவுட்டோர்ஸ் அட்டையில் இருக்கிறது. மீன்பிடிக்க வைத்திருக்கும் அதே அட்டைதான் வேட்டைக்கும். ஆனால் வேட்டைத் தகுதியை அதில் தனியாகப் பதிய வேண்டும். வேட்டைக் கல்வித் தேர்வில் மட்டும் தேறியிருந்தால் எச்2. அதைக்கொண்டு வில்லோடு போகலாம், துப்பாக்கியோடு போக முடியாது. துப்பாக்கிப் பாடநெறியிலும் தேறிய சான்றைக் காட்டினால் எச்1. கவுன்டரை விட்டு நகரும் முன், எது பதிந்திருக்கிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஒருவருக்குத் தவறாகப் பதிந்து அனுப்பிவிட்டார்கள். திருத்தப் போனால் அந்த அலுவலகம் வேறொன்றைக் கைகாட்டியது, அந்த வேறொன்று திரும்ப இதையே காட்டியது.

ஒன்ராறியோவில் ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்திராதவர் மாகாணவாசியாகக் கணக்கில் வரமாட்டார். மொன்றியலிலிருந்து கோடையில் குடிபெயர்ந்தவர் இங்கே வீடு வாங்கியிருந்தாலும் அந்த இலையுதிர்காலத்தில் மாகாணவாசி உரிமம் எடுக்கக்கூடாது.

வார இறுதியில் மட்டும் விடுப்புக் கிடைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே, ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வேட்டைக்கு அனுமதித்த நகராட்சிகளில் மட்டும்தான் அன்று போகலாம். ஊரில் பன்றி வேட்டைக்குப் போன நினைவில் இங்கும் பன்றி தேடுபவர்களுக்கு: 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் காட்டுப்பன்றியை வேட்டையாடத் தடை இருக்கிறது. கண்டால் சுடாமல், இடத்தைக் குறித்து மாகாண அரசுக்கு அறிவிக்க வேண்டும்.