எத்தனை சைக்கிள் என்பது இரண்டாவது கேள்வி

பிக்கப் வண்டிக்கு சைக்கிள் ரேக் கேட்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் அனேகமாக முதலில் கேட்பது, "எத்தனை சைக்கிள் மாட்டலாம்?" என்றுதான். நான் திரும்பி இரண்டு கேள்வி கேட்பேன். சைக்கிள் ஒவ்வொன்றும் என்ன எடை? டெயில்கேட்டை, அதாவது வண்டியின் பின்கதவை, இறக்கினால் அது எவ்வளவு தூரம் வெளியே வருகிறது? பலர் இந்த இரண்டையும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். ரேக்கைப் பிரித்து மாட்டிய பிறகுதான் பிரச்சினை தெரியவரும். அதற்குள் பெட்டியும் ரசீதும் குப்பைக்குப் போயிருக்கும்.

ஒருவர் குடும்பத்தோடு பயணம் கிளம்புவதற்கு முதல் நாள் வந்தார். "ரேக் கொஞ்சம் ஆடுகிறது, டைட் பண்ணித் தாருங்கள்" என்றார். ரேக்கில் இரண்டு பேட்டரி சைக்கிள்கள். ரேக்கை வாங்கி மாட்டிய பிறகுதான் டெயில்கேட் அதன் நடுத்தண்டில் இடிப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று எக்ஸ்டென்டர் எனப்படும் நீட்டிப்புக் குழாயை ரேக்குக்கும் ஹிட்சுக்கும் (டிரெய்லர் இழுக்க வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புக் கொக்கி, ரேக் அதில்தான் நுழையும்) நடுவில் செருகி, ரேக்கை 20 செ.மீ. பின்னுக்குத் தள்ளியிருந்தார். ரேக்கைப் பூட்டும் குறுக்குக் கம்பியான பின்னை உருவிக் குழாயை வெளியே எடுத்தேன். பின் போகும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. வெல்டிங் ஓரத்தில் துரு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. அதன் மேல் விரல்நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. பெயிண்ட் கீறலில் நகம் மாட்டாது. அது விரிசல். இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால், பின்னால் வரும் வண்டிக்கு முன்னால் ரேக்கும் சைக்கிள்களுமாக 80 கிலோ சாலையில் விழுந்திருக்கும். அந்த வண்டியில் யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. இதை எழுதக் காரணமே அந்த எண்ணம்தான்.

அவர் கவனக்குறைவானவர் இல்லை. ஹிட்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத்தான் செய்திருந்தார். அதில் டங் வெயிட், அதாவது கொக்கியின் மேல் நேராகக் கீழே இறங்கும் எடை, 227 கிலோ வரை தாங்கும் என்று இருந்தது. 500 பவுண்ட் என்று எழுதியிருப்பதும் இதுதான். அவர் ஏற்றியதோ 81 கிலோ. பிறகு எப்படி விரிசல் வந்தது?

தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கிப் பாருங்கள். அப்புறம் அதே வாளியைக் கையை முன்னால் நீட்டித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கூடவில்லை, தோள்பட்டைதான் நோகிறது. ஹிட்சுக்கும் அப்படித்தான். ஸ்டிக்கரில் உள்ள எண் டிரெய்லர் பந்து, அதாவது டிரெய்லரைக் கோக்கும் இரும்புக் குமிழ், இருக்கும் இடத்துக்கான எண். பந்து, பின் துளையிலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளி இருக்கும். ஆனால் ரேக்கில் முதல் சைக்கிள் 45 செ.மீ. தள்ளியும் இரண்டாவது 75 செ.மீ. தள்ளியும் நிற்கிறது என்று வையுங்கள். சைக்கிள் ஒவ்வொன்றும் 28 கிலோ. ரேக் 25 கிலோ, அதன் எடை மையம் 50 செ.மீ. தூரத்தில். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், ஹிட்சை வளைக்கும் விசை பந்தின் மேல் 184 கிலோ வைத்ததற்குச் சமமாக வருகிறது. இதில் 20 செ.மீ. எக்ஸ்டென்டரைச் சேர்த்தால் 249 கிலோ. வண்டி நிற்கும்போதே வரம்பு தாண்டிவிட்டது. ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அது இன்னும் எகிறும். தோராயக் கணக்குதான், ஆனால் எக்ஸ்டென்டர் போட்டால் தாங்கும் எடையைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்வதன் காரணம் இதில் புரியும்.

அதனால் வாங்கும் முன் மூன்று எண்களைத் தேடி எடுங்கள். ஹிட்ச் தாங்கும் எடை, ரேக் மொத்தமாகத் தாங்கும் எடை, ரேக்கில் ஒரு சைக்கிளுக்கான எடை. மூன்றில் எது முதலில் தீர்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு. சில வண்டிகளின் கையேட்டில் சைக்கிள் ரேக்குக்கென்றே தனி எண் இருக்கும். இருந்தால் அதுதான் கணக்கு. மண்சாலையில் ஓட்டுவீர்கள் என்றால் ரேக்கின் கையேட்டில் அதற்குத் தனியாகக் குறைந்த எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேரவன் டிரெய்லரின் பின்னால் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே குலுக்கல் பிக்கப்பைவிட மிக அதிகம். டிரெய்லருக்கும் ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய மாட்டாதீர்கள்.

ரிசீவர், அதாவது ரேக் நுழையும் சதுரக் குழாய், பெரும்பாலான பிக்கப்களில் 2 அங்குலம். கனரக வகைகளில் 2½ அங்குலம் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு உறை போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. 1¼ அங்குல ரிசீவரில் அடாப்டர் வைத்து 2 அங்குல ரேக்கை மாட்டுவதை மட்டும் நான் செய்து தருவதில்லை. பலம் சிறிய ரிசீவருடையதுதான், நீளம் மட்டும் கூடும். ஹிட்ச் வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டதா, வெறும் பம்பரில் தொங்குகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது டெயில்கேட். காருக்கு ரேக் வாங்குவதற்கும் பிக்கப்புக்கு வாங்குவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். டெயில்கேட்டை முழுவதும் இறக்குங்கள். அதன் விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல. பின் துளையிலிருந்து அந்த நூல் வரை கிடைமட்டமாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரேக்கின் செங்குத்துத் தண்டு பின் துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைக் கையேட்டிலோ, நேரில் அளந்தோ தெரிந்துகொள்ளுங்கள். தண்டின் தூரம் நூலின் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் டெயில்கேட் தண்டில் இடிக்கும். அப்போது எக்ஸ்டென்டரைத் தேடாதீர்கள். பின்பக்கம் சாய்கிற ரேக்கைத் தேடுங்கள். அதிலும் சைக்கிள்கள் மாட்டிய நிலையில் சாய்த்தால் டெயில்கேட் முழுதாக இறங்குமா, பாதியோடு நிற்குமா என்று கடையிலேயே உங்கள் வண்டியில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். படத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். கதவுபோல் பக்கவாட்டில் திறக்கும் ரேக்குகளும் உண்டு. வசதி அருமை, ஆனால் அந்தக் கீல் அமைப்பே கனமானது. மேலே போட்ட கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

ஜிஎம்சி சியராவில் வந்த மல்டிப்ரோ மாதிரி, டெயில்கேட்டுக்குள் இன்னொரு மடிப்புக் கதவு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உள்கதவு கீழே மடியும்போது ஹிட்சில் இருக்கும் பந்திலேயே இடிக்கக்கூடியது. ரேக் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வகையைப் பொறுத்தவரை, சக்கரத்தைத் தாங்கும் ட்ரே ரேக்கைத்தான் நான் முதலில் காட்டுவேன். கொக்கி டயரைப் பிடித்துக்கொள்ளும், சட்டத்தைத் தொடாது. கார்பன் சட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். மேல்குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்குவது கார்பனுக்கு நல்லதல்ல. தண்டில் தொங்கவிடும் ரேக் இலேசானது, விலையும் குறைவு. சாதாரண சைக்கிள்களுக்குப் போதும். ஆனால் ஒன்றோடு ஒன்று உரசும், மேல்குழாய் தாழ்ந்த சைக்கிள்களுக்குத் தனியாக ஒரு கம்பி வாங்க வேண்டும், பேட்டரி சைக்கிளுக்கு அனேகமாக ஆகாது. ஐந்தாறு சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்தும் பெரிய ரேக்குகளும் இருக்கின்றன. வாரந்தோறும் கூட்டமாகப் போகிறவர்களுக்குச் சரி, மற்றவர்கள் அவ்வளவு இரும்பைச் சுமக்கத் தேவையில்லை. டயரின் அகலத்தையும் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து கொண்டுபோங்கள். தடித்த டயர் எல்லா ட்ரேயிலும் உட்காராது.

பேட்டரி சைக்கிளாக இருந்தால் ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள். மூன்று கிலோ அளவுக்குக் குறையும், மழையிலிருந்தும் தப்பும். உயரமான பிக்கப்பில் 28 கிலோவை இடுப்புக்கு மேல் தூக்குவது ஒருமுறை முடியும், மலைப்பாதையில் சுற்றிவிட்டு வந்த சாயங்காலம் முடியாது. சாய்வுப் பலகையோடு வரும் ரேக்கைப் பாருங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று புகைக்குழாய். ஒரு முறை பஞ்சர் என்று நினைத்து ஒருவர் சக்கரத்தைக் கொண்டுவந்தார். டயரின் ஒரு பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மினுமினுப்பாக, மெழுகு உருகி உறைந்ததுபோல் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் உள்ளே போனது. அவருடைய பிக்கப்பின் புகைக்குழாய் பம்பருக்குக் கீழே நேராகப் பின்னால் திறந்திருந்தது, அதற்கு எதிரே முதல் சைக்கிளின் முன்சக்கரம். காற்று அடித்துப் பார்த்திருந்தால் டயர் வெடித்திருக்கும். டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் வெளிவரும் காற்று இன்னும் சூடு. முதல் பயணத்தில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே சக்கரத்தின் அருகே கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூட்டை டயரும் பொறுக்காது. சைக்கிளைத் திருப்பி மாட்டினாலோ, புகைக்குழாய் முனையைக் கீழ்நோக்கித் திருப்பும் துண்டு ஒன்றைப் போட்டாலோ போதும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்தால் பல நாடுகளில் அபராதம் உண்டு. பின்கேமராவும் சென்சாரும் ரேக்கையே தடை என்று நினைத்துக் கத்தும். சில வண்டிகளில் பின்னால் எடுக்கும்போது தானாகவே பிரேக் பிடிக்கும், அதை அணைக்கும் வழியைக் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் டயரை இறக்கும் கம்பி போகும் துளை ரேக்குக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், நடுவழியில் தெரியவேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகு, ஆண்டுக்கு நாலைந்து முறைதான் போகிறேன், இலேசான சைக்கிள்தான் என்று சொல்கிறவர்களிடம் ரேக்கே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். முன்சக்கரம் வெளியே தொங்க, சைக்கிளைச் சாய்த்து வைக்க டெயில்கேட் மேல் போடும் மெத்தை போதும்.

ரேக்கை மாட்டும்போது 2 அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குலப் பின்தான். கையில் கிடைத்த போல்ட்டைப் போட வேண்டாம். ஆட்டத்தைப் போக்கும் ஆப்பு அமைப்பு ரேக்கிலேயே இருந்தால் நல்லது. இல்லையென்றால் தனியாக இறுக்கும் கிளாம்ப் கிடைக்கும். சைக்கிள்களை ஏற்றி முடித்ததும் கடைசி சைக்கிளைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். வண்டி முழுவதும் சேர்ந்து ஆடினால் சரி. ரேக் மட்டும் தனியாக ஆடினால் இறுக்கம் போதவில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு ஓரமாக நிறுத்தி இதையே மறுபடி செய்யுங்கள். பின், கிளிப், பட்டை எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். முதல் சில கிலோமீட்டரில்தான் எல்லாம் இளகி உட்காரும். ஆண்டுக்கு ஒருமுறை ரேக்கை முழுவதும் உருவி, பின் துளையையும் வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளை வட்டமாக இல்லாவிட்டால், அந்த ரேக்கைத் திரும்ப மாட்டாதீர்கள்.