மைக் செட்டு செட்டாகலை!

மேலூர் பக்கம் எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் கூம்புக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் ஏறியிருந்த பையன் கீழே பார்த்துக் கத்தினான்: "நம்ம செட்டுல எவனாச்சும் வாங்கடா, மைக் செட்டு இன்னும் செட்டாகலை!" ஒரே மூச்சில் மூன்று செட். கீழே நின்ற யாரும் முழிக்கவில்லை. ஒன்பதாவது படிக்கிற அக்கா மகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "ஏன் மாமா, குழம்பவே குழம்பாதா?"

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு இந்த 'செட்'தான், வினைச்சொல்லாக 430 பொருள், சுமார் 60,000 சொற்கள். அப்புறம் 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள், அதைப் பிரித்தெழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. இதில் செட் ஒரே சொல்லும் இல்லை. 'வை, பொருத்து' என்பது பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்'. கூட்டம், தொகுதி என்பது லத்தீன் 'செக்டா', பிரெஞ்சு வழியாக வந்தது. கம்பத்துப் பையன் இரண்டு வம்சத்தையும் ஒரே வாக்கியத்தில் இழுத்துவிட்டான்.

சரி, ஏன் குழம்பவில்லை? இடம் பார்த்து மூளை சரியான பொருளை மட்டும் எடுக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். காதில் ஒரு வாக்கியம் ஓடும்: அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல 'பக்ஸ்' இருந்தன என்று. 'பக்' என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும் அதே சொல்தான். அந்தச் சொல் காதில் விழுந்து முடிந்த கணத்தில் திரையில் ஓர் எழுத்துக்கூட்டம் மின்னும், அது உண்மையான சொல்லா இல்லையா என்று பட்டனைத் தட்ட வேண்டும். அதோடு தொடர்புள்ள பொருள் ஏற்கெனவே மனதில் எழுந்திருந்தால் கை வேகமாகத் தட்டும். 'எறும்பு' என்று வந்தால் சட்டென்று தட்டினார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 'ஒற்றன்' என்று வந்தாலும் அதே வேகம்! சிலந்தியும் கரப்பானும் கண்முன் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, அவர்களுக்கே தெரியாமல், தலைக்குள் ஒற்றனும் எழுந்து நின்றிருக்கிறான். அதே சொற்களை மூன்று அசை தள்ளிக் காட்டினால் எறும்பு மட்டும் மிச்சம், ஒற்றன் போய்விட்டான். ஆக, மூளை கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, ஒரு நொடிக்குள் வேண்டாததைச் சாத்துகிறது. நமக்குத் தெரிவது கடைசியில் திறந்திருக்கும் கதவு மட்டும். (எல்லாக் கதவும் ஒரே வேகத்தில் திறப்பதில்லை, நன்றாகப் பழகிய பொருள் முந்தும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.)

எனக்கு ஆசையெல்லாம் அந்தப் பையனின் வாக்கியத்தைச் சோதிப்பதில்தான். செட்டு'ல', செட்'டு', செட்'டாகலை': ஒவ்வொன்றுக்கும் வால் வேறு. ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. தமிழ்க் காதில் கதவைச் சாத்துவது அந்த வால்தானோ? ஒரு கணினி, ஹெட்போன், நாற்பது கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் பார்த்துவிடலாம். ஆராய்ச்சிக்குக் காசில்லை என்பார்கள். தமிழின் பெருமையைப் பேச மேடை போடுகிறோமே, அதில் மைக் செட்டு வாடகையை மட்டும் கொடுத்தால் போதும்.