‘ஆண்டுகொள்ளுங்கள்’: அந்தக் ‘கொள்’ எந்தக் கொள்?

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது புள்ளிமான்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மரநிழலில் படுத்திருக்கும். கையை நீட்டினால் பக்கத்தில் வந்து மோந்து பார்க்கும். போன வருடம் எங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். யாரோ சாப்பிட்டுவிட்டு எறிந்த லஞ்ச் சீட் ஒன்றை ஒரு மான் மென்றுகொண்டு நின்றது. சோறும் பருப்பும் ஒட்டியிருந்த பொலித்தீன் தாள், பாதி வாய்க்குள்ளே, பாதி வெளியே. மெதுவாகப் பிடித்து இழுத்தேன். எச்சிலோடு நீளமாக வந்தது, கடைசித் துண்டு கிழிந்து உள்ளே போய்விட்டது.

அதே நேரத்தில் எங்கள் பையன் ஒருவன், ஓடுகிறதா பார்ப்போம் என்று இன்னொரு மானின் மேல் சிறு கல் ஒன்றை எறிந்தான். கண்டித்தேன். அவன் குழப்படிக்காரன் இல்லை, உண்மையாகவே கேட்டான்: “டீச்சர், வேதத்திலயே மிருகங்களை ஆண்டுகொள்ளச் சொல்லித்தானே இருக்கு?”

உடனே சொல்ல எனக்குப் பதில் வரவில்லை. அவன் பிடித்துக்கொண்ட சொல் அப்படிப்பட்டது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம், முதலாம் அதிகாரம், 28ஆம் வசனம். நாங்கள் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில், அதாவது 1871இல் நிறைவான மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதத்தில், இப்படி இருக்கிறது: “பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி, சமுத்திரத்தின் மச்சங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும், பூமியின்மேல் நடமாடுகிற சகல ஜீவஜந்துக்களையும் ஆண்டுகொள்ளுங்கள்.” 

‘ஆள்’ என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான வேர். தெலுங்கில் ‘ஏலு’ என்று நிற்கிறது, மலையாளத்திலும் கன்னடத்திலும் நம்முடையதைப் போலவே இருக்கிறது. ஆட்சி, ஆளுகை, ஆளுநர் எல்லாம் இதன் பிள்ளைகள். ஆனால் தமிழில் இந்த வேர் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. ஒரு சொல்லை வழக்கில் வைத்திருப்பதைச் ‘சொல்லாட்சி’ என்கிறோம். அடியவரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதை ‘ஆட்கொள்ளுதல்’ என்று சைவர்கள் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் காலையிலும் இரவிலும் நாங்கள் கூப்பிடும் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான்: ஆண்டவர்.

வேறு மொழிக்காரருக்கு இது இவ்வளவு கிட்டத்தில் கிடைக்குமோ தெரியாது, தமிழனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆளச் சொன்னவர் ஆண்டவர். ஆளுவது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அவர் எப்படி ஆளுகிறார் என்று பார்த்தால் போதும். தன்னைப் பற்றி அவர் சொன்னது “நானே நல்ல மேய்ப்பன்” என்று. ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கிற மேய்ப்பன்.

சரி, இப்போது அந்தக் ‘கொள்’. எபிரேய மூலத்தில் இருப்பது வெறும் ஏவல்தான், ‘ஆளுங்கள்’ என்று மட்டும். ‘கொள்’ என்ற துணைவினை தமிழில் வந்து ஒட்டியது. தமிழில் ‘கொள்’ இரண்டு வேலை செய்யும். ‘எடுத்துக்கொள்’ என்றால் உனக்காக எடு, உன் பங்கு அது என்று பொருள். ‘பார்த்துக்கொள்’ என்றால் அப்படியில்லை. பொறுப்பை உன் தலையில் ஏற்று, நான் வரும்வரை கவனி என்று பொருள். பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிற தாய் “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ” என்பதும் இந்தக் ‘கொள்’தான். அந்தப் பையன் ‘ஆண்டுகொள்’ளை ‘எடுத்துக்கொள்’ளின் பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறான். பெரியவர்களும் காலங்காலமாக அப்படித்தான் வாசித்துவந்திருக்கிறோம். அதை ‘பார்த்துக்கொள்’ளின் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதே என் கட்சி. என் விருப்பத்துக்காகச் சொல்லவில்லை, வேதமே அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

எபிரேயத்தில் அங்கே வரும் வினை ‘ராதாஹ்’. கடுமையான சொல்தான், மறைக்க வேண்டியதில்லை. அரசன் ஆளுவதற்கும் எசமான் வேலைக்காரனை நடத்துவதற்கும் வருகிறது. ஆனால் அது வருகிற மற்ற இடங்களைப் பாருங்கள். லேவியராகமம் 25:43இல், கடன்பட்டு உன்னிடம் வேலைக்கு வந்த சகோதரனைப் பற்றி, “நீ அவனைக் கொடூரமாய் ஆளாமல், உன் தேவனுக்குப் பயந்திரு” என்று வருகிறது. எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்களின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு இன்னும் நேரானது. பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, எலும்பு முறிந்ததற்குக் காயங்கட்டவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை, “பலாத்காரமும் கடூரமுமாய் அவைகளை ஆண்டீர்கள்.” அங்கே ஆடுகள் என்பது மக்கள், மேய்ப்பர் என்பது தலைவர்கள். இருந்தாலும் உவமை நிற்பது உண்மையான ஆட்டின் முறிந்த காலில்தான். எபிரேயத்தில் அதே வினை, தமிழிலும் அதே ‘ஆண்டீர்கள்’. ஆளுகையில் கொடுமை கலந்தால் அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்று அதே சொல்லை வைத்தே சொல்லியிருக்கிறது. “என் ஆடுகள்” என்றுதான் தேவன் கேட்கிறார், “உங்கள் ஆடுகள்” என்று அல்ல.

ஆதியாகமத்திலேயே அடுத்த இரண்டு வசனங்களைத் தாண்டி ஓடிவிடுகிறோம். ஆளச் சொன்ன கையோடு மனிதனுக்கு ஆகாரமாகக் கொடுக்கப்படுவது பூண்டும், அதாவது செடிவகையும், கனியும். மிருகங்களுக்கும் பசும்பூண்டு. இறைச்சிக்கு அனுமதி வருவது வெள்ளத்துக்குப் பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில். அதே அதிகாரத்தில் தேவன் செய்கிற உடன்படிக்கையும் நோவாவோடு மட்டும் இல்லை, பேழையிலிருந்து இறங்கிய அத்தனை உயிர்களோடும்தான். நான் மீன் சாப்பிடுகிறவள். கடலோரத்தில் பிறந்து அதை மறைக்க மாட்டேன். ஆனால் ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்ற சொல்லுக்குள் ‘தின்னுங்கள்’ என்பது இல்லை. அது பிறகு, உடைந்துபோன ஓர் உலகத்துக்குக் கொடுக்கப்பட்டது. டைனமைட் எறிந்து மீன் பிடிக்கிறவன் குஞ்சோடும் பவளப்பாறையோடும் சேர்த்து அழிக்கிறான். அதை எந்த வசனத்திலும் சாய்த்து வைக்க முடியாது.

இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். மனிதன் உண்டான இடத்தில் (2:7) தமிழ் வேதம் “மனுஷன் ஜீவாத்துமாவானான்” என்கிறது. மீனுக்கும் மாட்டுக்கும் சொல்லும்போது ‘ஜீவஜந்து’ என்கிறது. மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொற்றொடர்தான்: ‘நெபேஷ் ஹய்யா’, உயிருள்ள உயிர். தமிழுக்கு வரும்போது மனிதனுக்கு ஆத்துமா கிடைத்தது, மாட்டுக்கு ஜந்து கிடைத்தது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ‘உயிர்’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லை இரண்டு இடத்திலும் போட்டிருந்தால் நாங்கள் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே ‘நெபேஷ்’ நீதிமொழிகள் 12:10இலும் வருகிறது: “நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான், துன்மார்க்கருடைய இரக்கமும் கொடுமையே.” தமிழில் ‘காப்பாற்றுகிறான்’ என்று இருக்கும் இடத்தில் மூலம் சொல்வது ‘அறிகிறான்’ என்று. நீதிமான் தன் மிருகத்தின் உயிரை அறிகிறான். 

இந்த ‘அறிகிறான்’ எனக்கு விளங்கியது கிண்ணியாப் பக்கத்தில் ஓர் எருமைப் பட்டியில். கிண்ணியாத் தயிர் தெரியாதவர்கள் எங்கள் மாவட்டத்தில் இல்லை. விடியப்புறம் அந்தப் பட்டிக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் கன்றை அவிழ்த்து விட்டார். அது முட்டி முட்டிக் குடித்து, வாயோரம் நுரை வந்த பிறகுதான் ஒதுக்கிக் கட்டினார். மூன்று காம்பில் கறந்துவிட்டு நாலாவதைத் தொடவில்லை. கேட்டதற்கு, “அது கண்டுக்கு, பிள்ளை. இவள் முதல் ஈத்து, பால் காணாது” என்றார். எந்த எருமை முதல் ஈற்று, எது தூறலுக்குப் பயப்படும், எது காலை உதறும் என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்திருந்தது. அவர் தொழுவது பள்ளிவாசலில். ஆனால் நீதிமொழிகளில் அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலாவது காம்புதான் ஞாபகம் வரும்.

“போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக” என்று உபாகமம் 25:4இல் ஒரு கட்டளை உண்டு. இங்கே அதைச் சூடு மிதிப்பது என்று சொன்னால்தான் விளங்கும். தம்பலகாமத்து வயல்களில் இன்றைக்கு மெசின் வந்துவிட்டது, எருமைகளை வளைத்து மிதிக்க விட்ட காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உழைக்கிற வாய் உழைக்கிற இடத்திலேயே தின்னட்டும் என்பதுதான் கட்டளை. இதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது எடுத்துக்கொண்டு, “தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?” என்று கேட்கிறார். மிருகங்களைப் பற்றிப் பேசினாலே சிலர் இந்த வசனத்தைத்தான் நீட்டுவார்கள். பவுல் அங்கே வாதாடுவது ஊழியக்காரனுக்குக் கூலி உண்டு என்பதற்கு. மாட்டுக்குக்கூட உண்டு, அப்படியானால் மனிதனுக்கு எவ்வளவு என்பது அவர் கணக்கு. மாட்டின் உரிமையை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கே விழுந்துவிடும். அதே பவுல்தான் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது என்றும் எழுதினார். மெதடிஸ்த சபையைத் தொடங்கிவைத்த ஜோன் வெஸ்லி 1781இல் அந்த வசனங்களை வைத்து ஒரு முழுப் பிரசங்கமே எழுதினார், வரப்போகும் விடுதலையில் மிருகங்களுக்கும் பங்கு உண்டு என்று. இலண்டனில் 1824இல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர் ஆர்தர் புரூம் என்ற போதகர். கத்தோலிக்கரிடமும் இதே குரல் உண்டு. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், இந்த ஆளுகை வசனத்தை மற்ற உயிர்களின் மேல் சர்வாதிகாரத்துக்குச் சாட்டாக்கக் கூடாது என்று திட்டமாக எழுதியிருக்கிறார். இலங்கைச் சட்டத்தில் மிருகவதைத் தடைக் கட்டளை 1907இலேயே வந்துவிட்டது.

இனிச் சரியான தமிழ்ச் சொல் எது என்ற கேள்வி. ஆங்கிலத்தில் ‘டொமினியன்’ என்று வேதத்தில் போட்டார்கள். அதன் அடியில் இருப்பது ‘டொமினுஸ்’ என்ற இலத்தீன் சொல், ஆண்டவர் என்றே பொருள். அதற்கு ‘ஆளுகை’ பொருத்தமான சொல்தான், மாற்ற வேண்டியதில்லை. சிக்கல் வருவது இப்போது இளைஞர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ‘ஸ்டீவர்ட்ஷிப்’பில். ஸ்டீவர்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் வீட்டைக் காவல் பார்ப்பவர். தமிழ்ச் சபைகள் இதற்கு ‘உக்கிராணத்துவம்’ என்று சொல்லிவருகின்றன. உக்கிராணம் என்பது பண்டகசாலை, தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ள சொல். லூக்கா 16இல் வருகிற உக்கிராணக்காரன் எண்ணெய்க்கும் கோதுமைக்கும் கணக்கு வைத்தவன். காணிக்கைப் பணத்துக்கு அந்தச் சொல் நன்றாகப் பொருந்தும். உயிருள்ளவற்றுக்குப் பொருந்துமா? மூடைகளுக்குப் பசிக்காது, வலிக்காது. ‘பொறுப்பாண்மை’ என்று புதிதாக ஒன்று இருக்கிறது. பிழையில்லை, ஆனால் அதில் அலுவலக வாடை அடிக்கிறது. ‘பரிபாலனம்’ ஆளுவதையும் காப்பதையும் சேர்த்துச் சொல்லும் வடசொல், பழைய பிரசங்கங்களுக்கு அழகு.

எனக்குப் பிடித்தது ‘ஓம்பல்’. ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்தது “பண்படுத்தவும் காக்கவும்” என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறதே, அந்தக் ‘காக்க’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் ‘ஷாமர்’. காவல் காப்பது, கவனமாகப் பேணுவது என்று பொருள். தமிழில் ஓம்புவதும் அதுதான். “பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்” என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் யார்? தன் சோற்றில் பங்கு கொடுப்பதும் உயிரைக் காப்பதும் அந்த ஒரே அடியில் சேர்ந்து வருகின்றன. கிண்ணியாவில் பார்த்த நாலாவது காம்பும் இதுதானே.

ஐப்பசியில் எங்கள் சபையில் மிருகங்களுக்கான ஆராதனை ஒன்று வைத்தோம். கோட்டையடியில் பொலித்தீன் பொறுக்குவதும் அதில் சேர்ந்தது. அறிவித்தலை எழுதியவர்கள் ‘மிருகங்கள் மீதான ஸ்டீவர்ட்ஷிப் ஞாயிறு’ என்று போட்டிருந்தார்கள். நான் அதை வெட்டி ‘உயிரோம்பல் ஞாயிறு’ என்று திருத்திக் கொடுத்தேன். சபையில் மூத்த ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

“உயிரோம்பலா? சனத்துக்கு விளங்குமா, பிள்ளை?”

“விருந்தோம்பல் விளங்குதுதானே, ஐயா.”

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம், “அப்ப எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லுங்கோ” என்று தாளைத் திருப்பித் தந்தார்.