விதை சொத்தை இல்லை, தண்ணீரைப் பாருங்கள்

"விதை சொத்தை, ஒன்றுகூட முளைக்கவில்லை" என்று நித்தியகல்யாணி போட்ட குழித்தட்டைத் தூக்கிக்கொண்டு தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து இன்னும் எத்தனை பேர் வரப்போகிறீர்கள்? தட்டின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் விதை விற்றவரைத் திட்டுகிறீர்கள்.

"வாசலில் நிற்கும் செடி இதே உப்புப் போர்த் தண்ணீரில்தானே பூக்கிறது?" இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. அந்தச் செடியின் வேர் ஆழத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வருடத்துக்கு ஒருமுறை அந்த மண்ணைக் கழுவிவிடுகிறது. விதை கிடப்பதோ மேல் அரை சென்டிமீட்டரில். ஊற்றிய நீர் வெயிலில் ஆவியாகிப் போக, உப்பு அந்த அரை சென்டிமீட்டரில்தான் தங்கும். உப்பு ஏறிய ஈரத்தை விதையால் உறிஞ்ச முடியாது. சுற்றிலும் நனைந்திருக்க, விதை தாகத்தில் கிடக்கும். முளைக்கவில்லையே என்று இன்னொரு செம்பு ஊற்றினால், அந்தச் செம்பு உப்பும் சேர்கிறது. காய்ச்சினால் உப்பு போகாது, இன்னும் செறியும். படிகாரமோ தேத்தாங்கொட்டையோ கலங்கலைத்தான் தெளிய வைக்கும். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைக்காதீர்கள்.

ஒரு தட்டுக்கு நாளைக்கு அரை லிட்டர் போதும். ஊரணித் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ, விலைக்கு வாங்கும் குடத்தில் ஒரு செம்போ அதற்கு ஒதுக்குங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.75 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் நாற்றுக்குப் பயமில்லை.

தட்டில் நிரப்பும் தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். அதில் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

நித்தியகல்யாணிக்குத் தை, மாசி நல்ல பருவம். மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் போட்டு, கறுப்புத் தாளால் மூடி நிழலில் வையுங்கள். இது இருட்டில் முளைக்கும் விதை. ஏழு முதல் பத்து நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே தாளை எடுங்கள், ஒரு நாள் தவறினாலும் தண்டு நூலாக நீண்டுவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊற விடுங்கள், காலையில் மட்டும். மாலையில் மேலே தெளித்தால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் வரிசையாகச் சாயும்.

கனகாம்பரக் காய் முற்றியபின் ஈரம் பட்டாலே வெடித்து விதையைச் சிதறடிக்கும். மழைக்கு முன் பறித்துத் துணியில் முடிந்து உலர்த்துங்கள். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, குச்சியில்தான் வரும். விதை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மயில்கொன்றை விதையின் தோல் கெட்டி. ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து ஓர் இரவு ஊறப்போட்டால் போதும்.

அடீனியம் விதை புதிதாக இருக்க வேண்டும். அதன் பால் நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நாற்றில் நான்கு ஜோடி இலை வந்தபின் கால் பங்கு போர்த் தண்ணீர் கலந்து பழக்குங்கள், அதற்கு முன் ஒரு சொட்டும் வேண்டாம். அடுத்த முறை முளைக்காத தட்டைக் கொண்டுவரும்போது, தயவுசெய்து, ஊற்றிய தண்ணீரிலும் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள்.