நிறை என்றால் எது? கடற்கரைப் பள்ளி ஆசிரியர்கள் கவனத்துக்கு

நம் கடற்கரையின் பெரிய மேல்நிலைப் பள்ளிகளில் மீனவர் வீட்டுப் பிள்ளை, மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் இருப்பார்கள். மண்டபம் பக்கம் என்றால் இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளும் உண்டு. முகாம் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு நம் பாடநூல் புதிதல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படகேறி தனுஷ்கோடிக்கு வந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் கதை வேறு; அவர்கள் படித்தது இலங்கைப் பாடநூல். "தமிழ்ப் பிள்ளைதானே, மொழிச் சிக்கல் என்ன இருக்கப்போகிறது" என்று நாம் விட்டுவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கொப்பி (நோட்டு), பேனை (பேனா), விளங்கேல்ல (புரியவில்லை) என்பதெல்லாம் இரண்டு நாளில் வகுப்புக்குப் பழகிவிடும். ஆக்சிஜனை ஒட்சிசன் என்றும் முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும் படித்த பிள்ளை, புதுச் சொல் என்று தெரிந்து கேட்டுவிடும். ஆபத்து, இரண்டு பக்கமும் இருந்துகொண்டு வேறு பொருள் தரும் சொற்களில். நம் நூலில் நிறை (mass), எடை (weight). அங்கே அவையே திணிவு, நிறை. நம் வேகம் (speed) அங்கே கதி. நம் திசைவேகம் (velocity) அங்கே வேகம். "50 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை என்ன?" என்று கேட்டால் 50-ஐ 9.8-ஆல் பெருக்கி 490 நியூட்டன் என்று எழுத வேண்டும். அந்தப் பிள்ளையோ, நிறையைத்தான் கொடுத்துவிட்டார்களே, பிறகு எதைக் கேட்கிறார்கள் என்று திகைத்து நிற்கும். கணக்கு தெரிந்த பிள்ளைக்கு முட்டை மதிப்பெண். இதைவிட வருத்தம் வேறென்ன?

செய்ய வேண்டியது சின்ன வேலை. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் அவர்கள் பாடநூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் நூலோடு ஒப்பிட்டு, பாடத்துக்கு 30, 40 சொற்களை, நம் சொல் ஒரு பக்கம், அவர்கள் சொல் எதிரே என்று எழுதி நோட்டின் உள்ளட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். பொருள் மாறும் சொற்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள். முதல் பருவம் முழுக்க வகுப்புத் தேர்வில் இரண்டு சொல்லுக்கும் மதிப்பெண் கொடுங்கள். அதன் பிறகு நம் சொல்லில்தான் எழுத வேண்டும்; பொதுத் தேர்வில் விடைத்தாள் எந்த ஊர் ஆசிரியர் கைக்குப் போகும் என்று தெரியாது.

சேர்க்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு நிகரான சாதாரண தரத் தேர்வு அங்கே 11-ம் தரத்தில் (வகுப்பில்) வருகிறது. "லெவன்த் படித்தேன்" என்று சொன்னதும் பிளஸ் ஒன் முடித்த பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்பதற்காக 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்ப 2009 கல்வி உரிமைச் சட்டம் இடம் தராது. 14-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. படிப்பு அறுந்துபோவதும் அந்த வயதில்தான். வாசலிலேயே முடிவு சொல்லாமல், அன்றைக்கே முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது கடலையும் பார்க்க வேண்டும். ராமேசுவரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் கரை திரும்பும். வெள்ளி தோதான நாள். ஆனால் பகல் 12 மணிக்கு மேல் வைத்தால் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்கள் வர முடியாது. காலை 10 மணிக்கே வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்பாக்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் கையில் காசு இருக்காது. ஜூனில் பள்ளி திறந்ததும் நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் என்று நெருக்கினால் பிள்ளை வெட்கப்பட்டுப் பள்ளிக்கே வராது.

எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுக்கோ உதவித்தொகைக்கோ சாதி விவரம் சரிபார்க்கும்போது, வகுப்பில் பட்டியலை வாய்விட்டுப் படித்து "இந்தப் பிரிவு எழுந்து நில்" என்று சொல்லவே கூடாது. ஒவ்வொரு பிள்ளையாக அலுவலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள். இடம் பிரித்து உட்கார வைக்கப் பெயரின் அகரவரிசை போதும். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-ல் அதைத்தான் பரிந்துரைத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறும் கூடாது என்று அதே அறிக்கை சொல்கிறது. கயிற்றை எல்லார் முன்னாலும் அறுக்காதீர்கள். தனியே அழைத்துப் பேசி, பிள்ளையையே கழற்றச் சொல்லுங்கள்.