வாயில் போகும் பொம்மைக்கு எவ்வளவு சுத்தம் போதும்?

குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கத் தொடங்கும் நாலாவது, ஐந்தாவது மாதத்தில்தான் பெற்றோர் என்னிடம் பொம்மையைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், பொம்மை கழுவ எந்தக் கிருமிநாசினி நல்லது?" என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆரோக்கியமான குழந்தைக்கு, சாதாரண நாட்களில், பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். கழுவியதை நன்றாகக் காய வைக்க வேண்டும், அவ்வளவுதான். கிருமிநாசினிக்கும் வேலை உண்டு. ஆனால் அது வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும்.

குழந்தைகள் நல மருத்துவராகப் பொம்மையில் ஒட்டியிருக்கும் கிருமியைவிட, அதைக் கொல்வதற்காக வீட்டுக்குள் வரும் பாட்டில்களைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

சோப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பதில் அலட்சியமாகத் தோன்றாது. சளிக்காய்ச்சல் தரும் பல வைரஸ்களுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு பட்டால் அந்த உறை சிதைந்துவிடும், வைரஸ் செயலற்றுப் போகும். உறை இல்லாத வைரஸ்களையும் பாக்டீரியாக்களையும் சோப்பு அப்படி எளிதில் கொல்லாது. ஆனால் எச்சில், எண்ணெய், அழுக்கு என்று அவை ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தை இளக்கிவிடும். தேய்த்து அலசும்போது எல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் எந்தச் சோப்பு என்பதைவிட எவ்வளவு தேய்க்கிறோம் என்பதுதான் முக்கியம். கிலுகிலுப்பையின் இணைப்பு, டீத்தரின் (பல் முளைக்கும்போது கடிக்கக் கொடுக்கும் பொம்மை) வரிவரியான பகுதி, சக்கரத்தின் அச்சு, இங்கெல்லாம் பழைய மென்மையான பல் பிரஷ் ஒன்று எந்த விலையுயர்ந்த திரவத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? வாயில் போவதைத் தினமும் கழுவுங்கள். கையில் மட்டும் உருளும் பொம்மைகளுக்கு வாரம் ஒருமுறை போதும். தரையில் விழுந்தால், வேறு குழந்தை வாயில் வைத்தால், வீட்டு நாயோ பூனையோ நக்கினால் அப்போதே. ஐம்பது பொம்மைகளையும் வெளியே பரப்பி வைத்தால் இது நடக்காத காரியம். ஏழெட்டை மட்டும் வெளியே விட்டு, மீதியை எடுத்து வைத்து, அவ்வப்போது மாற்றிக் கொடுங்கள். கழுவும் வேலை பாதியாகும். குழந்தைக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பொம்மை கிடைத்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொம்மைக் கூடையை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் குழந்தை அதிகம் சப்புவது அப்பாவின் செல்போனையும் டிவி ரிமோட்டையும்தான். கடை, பேருந்து, கழிவறை என்று எல்லா இடமும் போய் வந்த போன் அது. அதைக் குழந்தையிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் அணைத்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகு கொடுங்கள். அப்புறம், வெளியிலிருந்து வந்ததும் பெரியவர்கள் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுவது பொம்மைச் சுத்தத்தில் பாதி வேலை.

பொம்மை எதனால் ஆனது என்பதைப் பொறுத்துக் கழுவும் முறை மாறும். கெட்டியான பிளாஸ்டிக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால், பொம்மையின் லேபிள் அனுமதித்தால் மட்டும் மேல் தட்டில் வைக்கலாம். சிலிக்கான் டீத்தரைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கலாம். ஆனால் உள்ளே ஜெல்லோ தண்ணீரோ நிரப்பிய டீத்தரைக் கொதிக்க வைக்காதீர்கள், ஃப்ரீசரில் உறைய வைக்கவும் வேண்டாம். தையல் விட்டுப்போய் உள்ளே இருப்பது வாய்க்குள் கசியும். எல்லாப் பிளாஸ்டிக்கும் வெந்நீரைத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வளைந்து, ஒட்டிய இடம் பிரிந்து, சின்னத் துண்டு கழன்று வந்தால் கிருமிப் பிரச்சினை போய் மூச்சடைக்கும் பிரச்சினை வந்துவிடும்.

மரப் பொம்மையை ஊற வைக்கவே கூடாது. மரம் தண்ணீரைக் குடித்து உப்பும், பிறகு வெடிக்கும். அந்த வெடிப்பில் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி துடைத்து, காற்றாட நிறுத்தி வைத்தால் போதும். பெயிண்ட் உரிகிற பழைய பொம்மை என்றால் எதைப் போட்டுக் கழுவினாலும் பயனில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எவ்வளவு ஆசையாக வைத்திருந்த பொம்மையானாலும் அதை அலமாரியின் மேல் தட்டில் அழகுக்கு வையுங்கள், குழந்தையின் கையில் வேண்டாம்.

துணிப் பொம்மையைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி வாஷிங் மெஷினில் போடலாம். லேபிள் அனுமதித்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது. தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில்தான் சாகும். அவ்வளவு சூடு தாங்காத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்தாலும் பூச்சி செத்துவிடும். ஆனால் அலர்ஜி தருவது பூச்சியின் எச்சமும் உடல் துணுக்கும்தான். ஃப்ரீசர் அவற்றை அகற்றாது. அதனால் வெளியே எடுத்ததும் லேபிளில் சொன்ன சூட்டில் துவைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சுவரை காய்வது முக்கியம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பொம்மையிலிருந்து இரண்டு நாளில் புழுக்க வாடை வரும், அது பூஞ்சையின் வாடை. துவைத்து எடுக்கும்போது கண், பொத்தான் எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரு வயது ஆகும்வரை எவ்வளவு சுத்தமான துணிப் பொம்மையும் தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. முகத்தில் விழுந்து மூச்சை அடைக்கும் ஆபத்து உண்டு.

குளிக்கும்போது கொடுக்கும், அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் இந்த மாதிரி பொம்மைகளை வெட்டித் திறந்து பார்த்தார்கள். உள்சுவர் முழுக்க வழுவழுப்பான உயிர்ப்படலம், அதாவது நுண்ணுயிர்கள் கூட்டமாக ஒட்டி வளரும் பூச்சு. வீடுகளில் பயன்படுத்திய பொம்மைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பூஞ்சை இருந்தது. மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருளே நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. குழந்தையின் உடலிலிருந்தும் சோப்பிலிருந்தும் வருவது அதற்கு மேல். ஆக, அந்தச் சின்ன ஓட்டைக்குள் இருப்பதை நாம் பார்க்கவும் முடியாது, பிரஷ் விட்டுத் தேய்க்கவும் முடியாது.

பிளீச்சை உள்ளே உறிஞ்ச வைத்துக் குலுக்கிக் கழுவும் வழியைச் சிலர் சொல்வார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே தங்கிய பிளீச் மறுநாள் குழந்தையின் கண்ணிலோ வாயிலோ பீய்ச்சும். ஓட்டை இல்லாத பொம்மையாக வாங்குங்கள். இருப்பதை ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் கடைசிச் சொட்டுவரை பிழிந்து உலர வையுங்கள். அமுக்கும்போது கறுப்புத் துணுக்கு வந்தால் குப்பைத்தொட்டிதான் அதற்கு இடம்.

பேட்டரி பொம்மையைத் தண்ணீரில் முக்காமல், நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். துடைக்கிற அந்த நேரத்தில் பேட்டரி மூடியின் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். உள்ளே காசு வடிவ லித்தியம் பேட்டரி இருந்தால் இந்தச் சோதனை எல்லாக் கிருமிநாசினியையும்விட முக்கியம். ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். பொம்மையை ஓட்ட முடியாமல் தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், "வெளியே வந்துவிடும், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள்.

சரி, கிருமிநாசினி எப்போது? வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால். குழந்தைக்குக் கை, கால், வாய் நோய், அதாவது அந்த இடங்களில் கொப்புளம் போடும் வைரஸ் நோய் வந்தால். பொம்மையில் மலமோ வாந்தியோ இரத்தமோ பட்டிருந்தால். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரண்டு மாதம் நிறையாத குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவான குழந்தை வீட்டில் இருந்தால், வாயில் போவதற்கு மட்டும் கூடுதல் கவனம். அதை உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம்.

வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸும், கை, கால், வாய் நோய் தரும் வைரஸ்களும் கொழுப்பு உறை இல்லாதவை. கைக்குப் போடும் ஆல்கஹால் சானிடைசரை நம்பிப் பயனில்லை. இங்கே பிளீச்தான் நம்பகமானது. வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சாக இருக்கட்டும். பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 20 மில்லி. கழுவிய பொம்மையை ஐந்து நிமிடம் அதில் மூழ்க வைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்த வேண்டும். அசுத்தம் எதுவும் படவில்லை, கூடுதல் பாதுகாப்புக்குத்தான் என்றால் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன், இரண்டு நிமிடம் போதும். பிளாஸ்டிக், சிலிக்கான் மாதிரி தண்ணீர் உறிஞ்சாத பொம்மைக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

இதில் வரிசை மாறக்கூடாது. முதலில் சோப்பு, பிறகுதான் பிளீச். அழுக்கின் மேல் நேரடியாக ஊற்றினால் பிளீச்சின் சக்தியை அழுக்கே தின்றுவிடும், கிருமி தப்பித்துவிடும். வெந்நீரில் கலந்தால் சக்தி குறையும், நெடியும் ஏறும். கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தை அருகில் இல்லாதபோது செய்யுங்கள். பிளீச்சோடு வினிகரோ அமிலம் உள்ள கழிவறைத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அம்மோனியா உள்ள திரவம் சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலை எரிக்கும் வாயுக்கள். "இரண்டையும் கலந்தால் டபுள் சுத்தம்" என்று நினைப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வினிகர் மட்டும் போட்டால்? உப்புக்கறை போகும், ஆனால் நோரோ வைரஸுக்கு அது பெரிய பொருட்டில்லை. கிருமிநாசினித் துடைப்பான்கள் அவசரத்துக்கு உதவும். அவற்றின் ரசாயனம் பொம்மையின் மேலேயே தங்கும் என்பதால், வாயில் போகும் பொம்மையைத் துடைத்த பிறகு தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். புற ஊதாக் கதிர்ப் பெட்டிகள் இப்போது நிறைய விற்கின்றன. ஒளி நேராகப் படும் இடத்தில் மட்டும்தான் அவை வேலை செய்யும். மடிப்பும் நிழலும் உள்ள பொம்மையில் பாதி இடம் தப்பித்துவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு பிரஷ் வாங்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

வேண்டாத நாளிலும் கிருமிநாசினி தெளித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கனடாவில் 2,000-க்கும் அதிகமான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. முதல் சில மாதங்களில் வீட்டுச் சுத்திகரிப்புப் பொருட்களை அதிகம் பயன்படுத்திய வீடுகளின் குழந்தைகளுக்கு, மூன்று வயதில் ஆஸ்துமாவும் இழுப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. வாசனை சேர்த்தவையும் ஸ்ப்ரேயும் தனித்துத் தெரிந்தன. இதனால்தான் அது வந்தது என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் குழந்தை மூச்சு விடும் அறையில் தினமும் ஸ்ப்ரே அடிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று பரணில் இருக்கிறது. மூத்த குழந்தையின் துணிப் பொம்மைகளையும் உடைகளையும் நாப்தலின் உருண்டை, அதாவது அந்துருண்டை போட்டு மூட்டை கட்டி வைப்பார்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் எடுத்து அப்படியே கொடுப்பார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சிளம் குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்து மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். குழந்தைக்கு அந்த நொதி குறைவாக இருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் ஏறும்போது நான் கேட்கும் கேள்விகளில் "துணிமணியில் அந்துருண்டை போட்டிருந்தீர்களா?" என்பதும் ஒன்று. மூடி போட்ட பெட்டியில், நன்றாகக் காய வைத்து, எந்த உருண்டையும் இல்லாமல் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் பிரிக்கவே வேண்டாம்.

கடைசியாக, பாட்டில்கள். பிளீச்சை எதன் பொருட்டும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். கலந்து வைத்த பக்கெட்டையும் பொம்மை ஊறும் ஐந்து நிமிடத்துக்குக்கூடத் தரையில் விட்டுவிட்டு நகராதீர்கள். தவழும் குழந்தை அதற்குள் வந்துவிடும். அப்படியும் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், உள்ளே போகும்போது அரித்தது வெளியே வரும்போதும் அரிக்கும். வாயைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். லேபிளைப் பார்த்தால்தான் உள்ளே போனது என்ன, எவ்வளவு அடர்த்தி என்று எங்களுக்குத் தெரியும்.