கஷ்டத்தைக் கூட்டினால் இரண்டாம் பாகம் ஆகிவிடாது

புதிர் விளையாட்டு ஒன்றுக்கு இரண்டாம் பாகம் செய்யப்போகிறோம் என்று திட்டத்தோடு வருகிறவர்களின் முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். லெவல்கள் இரண்டு மடங்கு, கிராபிக்ஸ் புதுசு, புதிர்கள் இன்னும் கஷ்டம். லெவல் டிசைனையே பிழைப்பாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

சுடும் விளையாட்டில் பழைய துப்பாக்கியையே கொடுத்து எதிரியை மட்டும் மாற்றினாலும் ஆட்டம் ஓடும். கை பழகியதே அங்கே சுகம். புதிரில் ஆள் காசு கொடுப்பது, 'அட, இப்படியா!' என்று பிடிபடும் அந்த ஒரு நொடிக்கு. பிடிபட்டதும் அது செலவாகிவிடுகிறது. விடை தெரிந்த விடுகதையை நீட்டி முழக்கினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? முதல் பாகத்தை முடித்தவர் அதன் விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார். கஷ்டத்தைக் கூட்டினால், தெரிந்ததையே இன்னும் நாலு படி அதிகமாகச் செய்வார், அவ்வளவுதான்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது போர்ட்டல் 2. வால்வ் நிறுவனம் 2007-ல் 'ஆரஞ்ச் பாக்ஸ்' தொகுப்பில் முதல் போர்ட்டலை வெளியிட்டது. டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற ஆட்டத்திலிருந்து வளர்ந்தது அது. விதி ஒன்றே ஒன்று: கையிலிருக்கும் துப்பாக்கியால் சுட்டால் சுவரில் ஒரு வாசல், இன்னொரு சுவரில் இன்னொரு வாசல், இதில் நுழைந்தால் அதில் வெளியே வருவீர்கள், நுழைந்த வேகத்தோடு. ஒரு மாலையில் முடித்துவிடலாம். அது எல்லாருக்கும் அவ்வளவு பிடித்ததற்கு அந்தச் சின்ன அளவும் ஒரு காரணம். அதனால்தான் இரண்டாம் பாகம் எடுப்பது இன்னும் சிக்கலாகிப்போனது.

வால்வ் முதலில் போட்ட திட்டம் துணிச்சலானது: வாசல்களே வேண்டாம், கதையை முதல் பாகத்துக்கு முந்திய காலத்தில் வைப்போம், வேறொரு கருவியை வைத்துப் புதிர் செய்வோம். 'எஃப்-ஸ்டாப்' என்று உள்ளே பெயர். செய்து ஆடவிட்டுப் பார்த்தால், ஆடியவர்கள் வாசல்களையும் முதல் பாகத்தின் வில்லியான கிளாடோஸ் என்ற கணினியையும் தேடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அது மோசமான யோசனை என்று நான் நினைக்கவில்லை. தனி ஆட்டமாக வந்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கலாம். போர்ட்டல் என்ற பெயரைப் போட்டுவிட்டு வாசலை எடுத்துவிட முடியாது என்பதுதான் பிரச்சினை.

அப்புறம் செய்ததுதான் பாடம். 'டேக்: தி பவர் ஆஃப் பெயின்ட்' என்று இன்னொரு டிஜிபென் மாணவர் குழுவின் ஆட்டம். அதில் வண்ணத்தை நீங்களே துப்பாக்கியால் பீய்ச்சுவீர்கள். ஒரு வண்ணத்தில் மிதித்தால் துள்ளும், இன்னொன்றில் ஓடினால் வேகம் கூடும். வால்வ் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்தது. ஆனால் வண்ணத் துப்பாக்கியை அப்படியே கொண்டுவந்து கையில் கொடுக்கவில்லை. போர்ட்டல் 2-ல் அந்த வண்ணம் கூழாக, கூரையிலிருக்கும் குழாயிலிருந்து தானாகக் கொட்டுகிறது. அது வேறெங்கோ வேண்டுமென்றால், கொட்டும் இடத்துக்கு நேர் கீழே ஒரு வாசல், வேண்டிய இடத்துக்கு எதிரே இன்னொரு வாசல். நீலக் கூழ் துள்ளவைக்கும், ஆரஞ்சுக் கூழ் ஓட்டத்தைக் கூட்டும். வெள்ளைக் கூழ் இன்னும் கெட்டிக்காரத்தனமானது: வாசல் ஒட்டாத கறுப்புச் சுவரிலும் அது பட்டால் வாசல் ஒட்டும். அதாவது, முதல் பாகத்தில் கல்லாக இருந்த ஒரு தடையை ஆட்டக்காரரின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஒளிப்பாலம், லேசர், பொருளையும் ஆளையும் மிதக்கவிட்டு இழுத்துப்போகும் ஒளிக்குழாய் எல்லாமே இப்படித்தான். புதிதாக வந்தவற்றில் முக்கியமான எல்லாம் அந்தப் பழைய வாசல் வழியாகப் போகும். அதனால் பழைய ஆளின் பழைய அறிவு வீணாகவில்லை; ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்பது அவருக்குத் தெரியாது. என்னிடம் வரும் திட்டங்களில் நான் முதலில் தேடுவதும் இதைத்தான். புதுக் கருவி பழைய விதியைத் தொடவே இல்லையென்றால், ஒரே பெட்டியில் இரண்டு ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

எடுத்துப்போட்டவற்றையும் பார்க்கவேண்டும், அதை யாரும் பேசுவதில்லை. முதல் போர்ட்டலில் ஒளிரும் பந்து ஒன்று சுவரிலிருந்து கிளம்பி முட்டி முட்டிப் போகும். அதை வாசல் வழியாகத் திருப்பி ஒரு குழியில் விழவைக்க வேண்டும். யோசனை சரியாக இருந்தாலும் பந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், நேரம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் பாகத்தில் அந்த இடத்துக்கு லேசர் கதிர் வந்தது. வாசலை வைத்த கணமே கதிர் எங்கே போகிறதென்று கண்ணால் பார்த்துவிடலாம். தப்பாக இருந்தால் அதுவும் அப்போதே தெரியும். மூளை விடையைக் கண்டுபிடித்த பிறகு விரல் தோற்றுப்போவது புதிர் விளையாட்டில் பெரிய எரிச்சல். போர்ட்டல் 2 சுலபமாகிவிட்டது என்று குறைப்பட்ட ரசிகர்கள் உண்டு. கூழ் வரும் பழைய சுரங்கப் பகுதிகளில் 'வெள்ளைச் சுவர் எங்கே' என்று தேடுவதே வேலையாகிவிடுகிறது என்பதில் எனக்கும் குறை உண்டு. ஆனால் பந்து போனதற்கு நான் அழமாட்டேன்.

சுவரிலும் கூரையிலும் நடக்கவைக்கும் ஊதாக் கூழ் ஒன்றும் இருந்தது. சோதித்தவர்களுக்குத் தலை சுற்றிக் குமட்டியதால் அதை விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரரின் கண்ணே கேமராவாக இருக்கும் ஆட்டங்களில் இது கவனிக்க வேண்டிய விஷயம். காகிதத்தில் அற்புதமான யோசனையாக இருக்கும். திரையில் உலகம் தலைகீழாகத் திரும்பும்போது வயிறு ஒத்துக்கொள்ளாது. நாள் முழுக்க அந்தத் திரையையே பார்க்கும் நமக்கு அது பழகிப்போயிருக்கும், ஆகவே நம் உடம்பை நம்பக்கூடாது.

புது ஆள் விஷயம் இன்னொரு தலைவலி. இரண்டாம் பாகத்தை வாங்குகிறவர்களில் முதல் பாகத்தைத் தொடாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அரிச்சுவடி வேண்டும், பழையவர்களுக்கு அரிச்சுவடி கொட்டாவி. போர்ட்டல் 2 இதைச் சமாளித்த விதம் அழகு: தொடக்கத்தில் வரும் அறைகள் முதல் பாகத்தின் அதே சோதனை அறைகள், ஆனால் பல்லாண்டுகள் கழித்து இடிந்து, செடி கொடி மண்டிக் கிடக்கின்றன. பழைய ஆள் 'அடடா, இந்த இடம்' என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே போவார். புது ஆள் அதே இடத்தில் வாசல் போடக் கற்றுக்கொண்டிருப்பார்.

எழுத்திலும் இதே புத்தி. கேக் தருகிறேன் என்று ஆசைகாட்டி ஏமாற்றும் முதல் பாகத்தின் கேக் நகைச்சுவை இணையம் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. எழுத்தாளர்கள் அதை இழுக்காமல் விட்டார்கள். வில்லியான கிளாடோஸை உருளைக்கிழங்கில் அடைத்து உங்கள் துப்பாக்கியிலேயே செருகிவிட்டார்கள். உச்சக்கட்டம் தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நடுவே கேவ் ஜான்சன் என்ற கிறுக்கு முதலாளியின் பழைய ஒலிப்பதிவு ஓடும்: நிலாக் கற்களை வாங்கி அரைத்துக் கூழாக்கினோம் (அந்த வெள்ளைக் கூழ்தான்), வாசல் ஒட்ட அது பிரமாதமான சரக்கு, ஆனால் விஷம் என்று புலம்புவார். சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். கடைசியில் கூரை பிளந்து வானத்தில் நிலா தெரியும்போது, என்ன செய் என்று யாரும் சொல்வதில்லை. கை தானாகத் துப்பாக்கியை உயர்த்தும். வெள்ளைக் கூழை வைத்து அத்தனை மணி நேரம் கற்றதெல்லாம் அந்த ஒரு சுடலில் வந்து சேர்கிறது.

குரோட்டீம் நிறுவனத்தின் 'டாலோஸ் பிரின்சிபிள்' என்ற புதிர் ஆட்டமும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனது. 2014-ல் வந்த முதல் பாகத்தில் நெருங்கினால் வெடிக்கும் கண்ணிகளும் சுடும் கருவிகளும் உண்டு. முக்கால்வாசி தீர்த்த புதிரில் செத்து மறுபடி தொடங்குவது வாடிக்கை. 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவை இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது ஒரு புதுப் பொருள், முதல் புதிரில் சும்மா அறிமுகம், போகப்போகப் பழையவற்றோடு கலப்பு. தீராத புதிரைத் தாண்டிப் போக ஒரு தீப்பொறி கிடைக்கும். பிறகு வந்து அதைத் தீர்த்தால் செலவழித்த தீப்பொறி திரும்பிவிடும். மிகவும் கஷ்டமானவை ஓரமாக, விரும்பியவர் தேடிப் போகும் இடத்தில் இருக்கின்றன. கஷ்டம் வேண்டுமென்று அடம்பிடிக்கும் குழுக்களிடம் நான் காட்டுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

சோதனைக்கு ஆள் கூப்பிடும்போது ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் பாகத்தின் ரசிகர்களை மட்டும் உட்காரவைத்தால் எல்லாப் புதிரும் சுலபம் என்றே சொல்வார்கள், நீங்களும் கஷ்டத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். தொடாதவர்களையும் சமமாகக் கூப்பிடுங்கள். பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள். 'மேலே பாருங்க' என்று நாக்கு நுனிவரை வரும். இந்த வகை ஆட்டத்தில் மனிதர்கள் மேலே பார்ப்பதே அபூர்வம். சொல்லாதீர்கள். எந்த நொடியில் எங்கே பார்த்தார், எதைப் பார்க்காமல் போனார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரசிகரும் புதியவரும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே புதிரில் அல்ல, விளக்கிலோ சுவரின் நிறத்திலோ ஏதோ தப்பு. முதலில் அதைத் திருத்திவிட்டு மறுபடி ஆடவிடுங்கள்.